கயாக்கில் சென்று ப்ளூஃபிஷ் பிடிப்பதும் சமைப்பதும்

அமெரிக்காவின் வடகிழக்குக் கரையில் தூண்டில் போடுகிறவர்களிடம் கேட்டால், சண்டைக்கு ப்ளூஃபிஷை மிஞ்சிய மீன் கிடையாது என்றும், வாயில் வைக்கத்தான் முடியாது என்றும் ஒரே மூச்சில் சொல்லிவிடுவார்கள். முதற்பாதியை மறுப்பதற்கில்லை. இரண்டாவது பாதிக்குக் காரணம் பெரும்பாலும் மீனைக் கையாண்ட விதம்தான். எண்ணெய்ப்பசை மிகுந்த இந்த மீன், அயிலையைப் போலவே, நீரைவிட்டு வெளியே வந்த நிமிடத்திலிருந்து கெடத் தொடங்குகிறது. அரைநாள் வெயிலில் படகுத் தளத்தில் கிடந்ததை எந்த மசாலாவாலும் மீட்க முடியாது. ஆகவே கயாக் எனும் சிறு துடுப்புப் படகில் போகிறவர் தூண்டிலையும் இரையையும் எடுத்து வைப்பதற்கு முன்பே பனிக்கட்டிக்கு இடம் ஒதுக்கிவிட வேண்டும்.

கயாக்கர்களுக்கு ஏற்ற இடமாக ரோட் ஐலண்ட் மாநிலத்தின் நாராகன்செட் விரிகுடாவைச் சொல்லலாம். குளிர்காலத்தைத் தெற்கே கழிக்கும் ப்ளூஃபிஷ் கூட்டங்கள் நீர் வெதுவெதுப்பாகும்போது வடக்கே ஏறி வருகின்றன. மே கடைசியிலோ ஜூனிலோ விரிகுடாவுக்குள் நுழைந்து, அக்டோபர் வரை மென்ஹேடன் மீன் கூட்டங்களைத் துரத்தித் திரிகின்றன. ஆகஸ்டில் துறைமுகங்களின் ஓரத்தில் சாண் நீளக் குஞ்சுகள் மொய்க்கும். சமையலுக்கு மிகச் சுவையானவை ஒன்றரை கிலோவுக்கு உட்பட்டவை. ஐந்து கிலோவைத் தாண்டியவை கயாக்கையே இழுத்துக்கொண்டு ஓடும். 1972இல் வட கரோலினாவின் ஹட்டராஸ் கரையில் பிடிபட்ட 31 பவுண்டு 12 அவுன்சு மீன்தான் உலக சாதனை.

கோடையில் இந்த விரிகுடாவில் காலை அமைதியாக இருக்கும். நண்பகலுக்குப் பின் தென்மேற்குக் கடற்காற்று எழும்பிவிடும். வற்றத்தின், அதாவது கடல் வடியும் நேரத்தின், நீரோட்டம் அந்தக் காற்றை எதிர்த்து ஓடும்போது அலைகள் குட்டையாகவும் செங்குத்தாகவும் எழுந்து கயாக்கைத் திணறடிக்கும் என்பதால், விடியலில் இறங்கிப் பத்து மணிக்குள் கரையேறுவது நல்லது. வாரிக் நகரின் கொனிமிகட் முனையில் மணல்திட்டின் மேல் நீரோட்டம் வழியும் இடத்தில் மீன் நன்றாகக் கூடும். அதே நீரோட்டம் உயிர்களையும் குடித்திருக்கிறது. உயிர்காப்பு உடையை மாட்டிக்கொண்டே துடுப்பைத் தொட வேண்டும், இருக்கைக்குப் பின்னால் சுருட்டி வைப்பதில் பயனில்லை. மே மாதத்தில் வெயில் சுட்டாலும் தண்ணீர் குளிர்ந்தே இருக்கும். உடையைத் தண்ணீரின் வெப்பத்தைப் பார்த்துத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். விசிலும், உதவி கேட்டுப் பேச நீர் புகாத விஎச்எஃப் கடல் வானொலியும் மார்போடு இருக்கட்டும்.

மீன் இருக்குமிடத்தைப் பறவைகள் காட்டிக்கொடுக்கும். ஆலாக்கள் ஓரிடத்தில் வட்டமிட்டுத் தலைகுப்புறப் பாயுமானால், கீழே சிறுமீன்களைப் பெரியவை மேலே விரட்டிக்கொண்டிருக்கின்றன என்று பொருள். பறவை இல்லாத நாளில், அலையடிக்கும் நீரின் நடுவே எண்ணெய் படர்ந்தாற்போல் வழவழப்பான திட்டு தெரியும். சில வேளை வெள்ளரிப்பழ வாசனையும் காற்றில் வரும். இரண்டையும் பழகிய மீனவர்கள் ப்ளூஃபிஷ் இரை தின்றதற்கான அடையாளமாகக் கொள்கிறார்கள். கூட்டத்தைக் கண்டதும் அதன் நடுவே துடுப்பைப் போட்டு நுழைந்தால் எல்லாம் அடியில் போய்விடும். காற்று வரும் பக்கமாகச் சுற்றிப் போய், துடுப்பை மடியில் வைத்துவிட்டு, கயாக் தானாக மிதந்து நெருங்கும்வரை காத்திருந்து கூட்டத்தின் ஓரத்தில் எறிய வேண்டும். எதுவும் தென்படாவிட்டால், நீரில் முங்கி ஓடும் போலி இரை ஒன்றைப் பின்னால் விட்டுக்கொண்டு மெதுவாகத் துடுப்பு போட்டபடி தேடலாம்.

ஏழடிக் கோல், நான்காயிரம் அளவு ரீல், 30 பவுண்டு இழுவை தாங்கும் பின்னல் நரம்பு (தூண்டில் இழை) ஆகியவை போதும். நரம்பின் முனையில் சாண் நீளத்துக்காவது உலோகக் கம்பியோ, 60 பவுண்டுக்கு மேற்பட்ட தடித்த நைலான் நரம்போ இருக்க வேண்டும். இல்லாவிட்டால் பல் பட்ட இடத்தில் அறுந்துவிடும். இரையாக 30 கிராம் எடையுள்ள வெள்ளி நிற உலோகத் தகடு எல்லா நிலையிலும் உதவும். நீரின் மேல் தெறித்து ஓடும் பாப்பர் எனும் போலி இரையை மீன் பாய்ந்து கடிப்பது பார்ப்பதற்கு இன்பம். விலையுயர்ந்த ரப்பர் மீன்களை இந்த மீனுக்குக் கொடுப்பது வீண், முதல் கடியிலேயே வால் போய்விடும். கடையில் வாங்கும் இரையில் இருக்கும் மூன்று கவைத் தூண்டில் முள்ளைக் கழற்றிவிட்டு, ஒற்றை முள் மாட்டி, அதன் நுனியருகே பின்னோக்கி நிற்கும் எதிர்முள்ளை இடுக்கியால் நசுக்கிவிடுவதைக் கட்டாயமாகவே நான் சொல்வேன். மடிக்கு அருகே துள்ளும் மீனின் வாயில் ஒரு கவையும் உங்கள் தொடையில் மறு கவையுமாகக் கரைக்குத் திரும்புவது எளிதன்று.

மீன் கடித்ததும் கோலை முகப்புப் பக்கம் திருப்புங்கள்; பக்கவாட்டில் இழுக்க விட்டால் கயாக் சாயும். ரீலின் பிடியைச் சற்றுத் தளர்வாக வைத்து, அது கயாக்கை இழுத்து இழுத்துக் களைக்கட்டும். அருகே வந்தபின்தான் உண்மையான ஆபத்து தொடங்குகிறது. ப்ளூஃபிஷின் இரு தாடைகளிலும் ஒற்றை வரிசையாக முக்கோணப் பற்கள் நெருக்கமாக நிற்கின்றன. வாய் மூடும்போது கத்தரிக்கோல் மூடும் ஓசை கேட்கும். களைத்த மீனும் விரல் கிட்டினால் கடித்துவிடும். எனவே வாய்க்குள் கைவிடாமல், தாடையைப் பிடிகருவியால் பற்றி, நீண்ட மூக்குள்ள இடுக்கியால் முள்ளைக் கழற்றுங்கள். வேண்டாத மீனை நீரிலேயே வைத்துக் கழற்றிவிடலாம்.

உண்ண வைத்துக்கொள்ளும் மீனைத் தலையில் ஒரே அடியில் கொன்று, செவுள் வளைவுகளை இரு பக்கமும் அறுத்து, இரத்தம் வடிய விட வேண்டும். கயிற்றில் கோத்துப் பக்கவாட்டில் தொங்கவிடும் வழக்கம் சிலரிடம் உண்டு. இந்தக் கரைகளில் அது கூடாது. 2014 செப்டம்பரில் மாசசூசெட்ஸின் ப்ளிமத் கரைக்கு அருகே, மீன் எதுவும் பிடிக்காமல் வெறுமனே போன இருவரின் கயாக்குகளையே வெள்ளைச் சுறா தாக்கிக் கவிழ்த்தது. ஒரு வாளி கடல்நீரில் சில நிமிடங்கள் இரத்தம் வடித்தபின், பனிக்கட்டியும் கடல்நீரும் கலந்த குழம்பு நிரம்பிய காப்புப் பையில் மீனை முழுக்க மூழ்க வையுங்கள். வெறும் பனிக்கட்டியின் மேல் வைப்பதைவிட இது விரைவாகக் குளிர்விக்கும். இதில் சுவையோடு உடல்நலமும் அடங்கியிருக்கிறது. குளிராமல் கிடந்த ப்ளூஃபிஷில் பாக்டீரியாக்கள் ஹிஸ்டமினை உண்டாக்குகின்றன. அது எவ்வளவு கொதித்தாலும் அழியாது, உண்டவருக்கு முகம் சிவந்து, வாய் எரிந்து, தலைவலி வரும்.

எத்தனை மீன் எடுக்கலாம் என்பதற்கும் சட்டம் இருக்கிறது. மீன்வளம் குறைந்ததால் 2020இல் பொழுதுபோக்கு மீனவருக்கான வரம்பை 15இலிருந்து 3ஆகக் குறைத்தார்கள். வரம்பு மாறக்கூடியதாகையால் அந்தந்த ஆண்டின் மாநில விதியைப் பார்த்து, கடல்மீன் உரிமமும் எடுத்துக்கொண்டு போக வேண்டும். பெரிய மீன்களின் உடலில் பாதரசமும் பிசிபி எனும் வேதிப்பொருளும் சேர்ந்திருக்கும். கர்ப்பிணிகளும் குழந்தைகளும் உண்பது பற்றி மாநிலங்கள் அறிவுரை வெளியிடுகின்றன. சிறியதை வைத்துக்கொண்டு பெரியதை விட்டுவிடுவது நாக்குக்கும் உடலுக்கும் ஒருங்கே நல்லது.

வீட்டுக்கு வந்ததும் சதையை இரு துண்டமாக எடுத்து, தோலை உரித்துவிடுங்கள். பக்கவாட்டில் நடுவே நீளமாக ஓடும் கருஞ்சிவப்புச் சதைதான் கடும் வாடையின் இருப்பிடம். பிசிபியும் கொழுப்பிலும் அந்தக் கருஞ்சதையிலுமே மிகுதி. அதன் இருபுறமும் கத்தியைச் சாய்த்து ‘வி’ வடிவில் வெட்டினால் மொத்தமாக வந்துவிடும். எஞ்சுவது மிருதுவான, சாம்பல் சாயல் கொண்ட சதை. அன்றோ மறுநாளோ சமைத்துவிட வேண்டும். பச்சையாக உறையவைத்தால் கொழுப்புக் காறிவிடும்.

எண்ணெய் மீனுக்குப் புளிப்புதான் துணை. அமெரிக்க வடகிழக்குப் பகுதியான நியூ இங்கிலாந்தில் கடுகு விழுது, எலுமிச்சைச் சாறு, மெல்லிய வெங்காய வளையம் ஆகியவற்றை மேலே பரப்பி, 200 டிகிரி செல்சியஸ் ஓவனில், விரற்கடை தடிமனுக்குப் பத்து நிமிடம் என்ற கணக்கில் வேகவைப்பார்கள். நம் புளிக்குழம்புக்கும் இந்த மீன் நன்றாகப் பொருந்துகிறது. குழம்பைக் கெட்டியாகக் கொதிக்கவைத்து, பச்சை வாடை போனபின் பெரிய துண்டுகளாக மீனைப் போட்டு, கரண்டி படாமல் சட்டியைப் பிடித்துச் சுழற்றி, எட்டு நிமிடத்தில் இறக்கிவிட வேண்டும். வழக்கமான நல்லெண்ணெயில் பாதி போதும்.

மிகுந்துவிட்டால் புகையிடுங்கள், இதில் தோலோடு வைத்த துண்டமே உதிராமல் நிற்கும். ஒரு லிட்டர் நீருக்கு 60 கிராம் உப்பும் அதே அளவு நாட்டுச் சர்க்கரையும் கரைத்து, குளிர்பெட்டியில் இரவு முழுவதும் ஊறவைத்து, மறுநாள் துடைத்து, மேற்பரப்பு தொட்டால் ஒட்டும் பதம் வரும்வரை குளிர்பெட்டியிலேயே திறந்து உலர்த்த வேண்டும். இந்தப் பதத்தைத் தவறவிட்டால் புகை பிடிக்காது. பிறகு ஆப்பிள் மரச் சில்லுகளின் புகையில், சதையின் நடுவெப்பம் 71 டிகிரியை எட்டி அரைமணி நேரம் நிலைக்கும்வரை வைத்து எடுத்தால், குளிர்பெட்டியில் சில நாள்களும், உறைபெட்டியில் சில மாதங்களும் தாங்கும்.