பழைய காருக்கு கிலோமீட்டருக்கு எவ்வளவு ஆகிறது?

என் கார் 2009 மாடல். பெட்ரோல் செலவு மட்டும்தான் என்று ரொம்ப நாள் நினைத்திருந்தேன். ஒரு வருட பில்களைக் கூட்டியதும்தான் உண்மை தெரிந்தது.

முதலில் மைலேஜ். டேங்க் நிரப்பி, மீட்டரைக் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த முறையும் முழுதாக நிரப்புங்கள். எனக்கு 412 கிலோமீட்டருக்கு 31 லிட்டர் பிடித்தது. லிட்டர் 101 ரூபாய் என்றால் கிலோமீட்டருக்கு 7.60.

அப்புறம் மற்ற செலவுகள். இங்கேதான் கணக்கு தப்பும். நாலு டயர் 18,000 ரூபாய், 5 வருடம் வரும், வருடத்துக்கு 3,600. பேட்டரி 5,000, 4 வருடம், 1,250. 15 வருடம் ஆன காருக்கு ஆர்.சி. (வண்டியின் பதிவுச் சான்று) புதுப்பிக்கும் கட்டணம் 2022 ஏப்ரலில் 600-லிருந்து 5,000 ஆனது. அது 5 வருடத்துக்குச் செல்லும், ஆக 1,000. பழைய வண்டிக்குக் கட்டும் பசுமை வரி தனி. இன்சூரன்ஸ் 4,500. சர்வீஸ், ரிப்பேர், பசுமை வரி எல்லாம் சேர்ந்து 19,650. மொத்தம் 30,000.

நான் ஓட்டுவது வருடம் 6,000 கிலோமீட்டர். அதாவது கிலோமீட்டருக்கு இன்னொரு 5 ரூபாய். பெட்ரோலோடு 12.60!

வண்டி குறைவாக ஓடினால் இந்த 5 ரூபாய் இன்னும் ஏறும். இன்சூரன்ஸும் வரியும் நின்ற வண்டிக்கும் உண்டே.

டேஷ்போர்டில் ஒரு கவர் வையுங்கள். பஞ்சர் ஒட்டிய 150 ரூபாய் சீட்டு வரை அதில் போடுங்கள். மெக்கானிக் பில் தராவிட்டால், தொகையையும் தேதியையும் அங்கேயே ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிப் போட்டுவிடுங்கள்.