ஊர்க் கிளப்பின் வரலாற்றை எழுதுவது எப்படி? லான்ஸை வைத்து ஒரு வழிகாட்டி

பாரிஸுக்கு வெளியே உள்ள ஒரு பிரெஞ்சுக் கால்பந்துக் கிளப்பைப் பற்றி எழுத உட்காருகிறவர்கள் பெரும்பாலும் கோப்பைப் பட்டியலில் தொடங்குவார்கள். கட்டுரை அங்கேயே படுத்துவிடும். ஊர்க் கிளப்புகளுக்குக் கோப்பைகள் குறைவு. ரேசிங் கிளப் தெ லான்ஸ் தொடங்கியது 1906இல். முதல் லீக் பட்டம் வந்தது 1998இல். நடுவில் 92 வருடம். அந்த 92 வருடத்தை எதைக் கொண்டு நிரப்புவது?

பிரான்ஸின் வடக்கே பா-த-காலே மாவட்டத்தில் உள்ள லான்ஸின் மக்கள்தொகை ஏறக்குறைய 32,000. மைதானத்தில் இருக்கைகள் 38,000 சொச்சம். கைக்குழந்தை உட்பட ஊரையே கொண்டுவந்து உட்கார வைத்தாலும் இடம் மிஞ்சும். அந்த மிச்ச இருக்கைகளில் யார் உட்காருகிறார்கள், ஏன் வருகிறார்கள் என்று தேடப் புறப்பட்டால் கட்டுரை தானாக நகரும்.

முதலில் ஒரு பெரிய தாளை எடுத்து நான்கு பத்தி கோடு போடுங்கள். முதல் பத்தியில் ஆட்டம், இரண்டாவதில் ஊர், மூன்றாவதில் தொழில் (லான்ஸுக்கு நிலக்கரி, சோஷோ கிளப்புக்கு பெஜோ கார்), நான்காவதில் காசு கொடுத்தவர். இடது ஓரத்தில் ஆண்டுகள். எல்லாரும் முதல் பத்தியை நிரப்பிவிட்டு ஓய்ந்துவிடுவார்கள். நான்காவதைத்தான் முதலில் நிரப்ப வேண்டும்.

லான்ஸுக்கு அது இப்படி வரும். ஆரம்பத்தில் ஊர்ப் பையன்களின் சொந்தச் சங்கம். 1934இல் தொழில்முறைக் கிளப் ஆனபோது பின்னால் நின்றது லான்ஸ் சுரங்கக் கம்பெனி. இரண்டாம் உலகப் போருக்குப் பின் சுரங்கங்கள் தேசியமயமாயின. கம்பெனியின் இடத்துக்கு அரசு நிலக்கரி நிறுவனம் வந்தது. 1969இல் அது கையை விரித்தது; கிளப் தொழில்முறை அந்தஸ்தையே விட்டுக்கொடுத்தது. மேயர் ஆந்த்ரே தெலெலிஸ் காலத்தில் நகராட்சி தூக்கிப் பிடித்தது. 1973இல் முதல் பிரிவுக்குத் திரும்பியது. 1988 முதல் உள்ளூர்த் தொழிலதிபர் ஜெர்வே மார்தெல் தலைவர். 2013இல் அஜர்பைஜான் பணம் வந்தது, நிற்கவில்லை. 2016 முதல் ஜோசப் உகுர்லியானின் முதலீட்டு நிதி.

இப்போது மூன்றாவது பத்தியை நிரப்பிப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 1906 மார்ச் 10, கூரியேர் சுரங்க விபத்து, 1,099 சாவு; கிளப் பிறந்த அதே வருடம். 1914–18 போரில் ஊர் தரைமட்டம். 1919இல் பிரான்ஸ்–போலந்து ஒப்பந்தம். போலந்துத் தொழிலாளிகள் குடும்பம் குடும்பமாக வந்திறங்குகிறார்கள். 1990 டிசம்பர் 21, அந்தச் சுரங்க வட்டாரத்தின் கடைசிக் குழி மூடல். 2012இல் வட்டாரம் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில்.

இரண்டு பத்தியையும் சேர்த்துப் படித்தால் ஒன்று கண்ணில் குத்தும். லீக் பட்டம் வந்தபோது சுரங்கம் மூடி ஏழு வருடம் தாண்டிவிட்டது. மைதானத்தில் இடைவேளை முடிந்து ஆட்டக்காரர்கள் திரும்பும் நேரத்தில் எல்லாரும் பாடும் ‘லே கோரோன்’ பாட்டு 1982இல் வந்தது. பியர் பாஷ்லே பாடியது. கோரோன் என்றால் கம்பெனி கட்டிக்கொடுத்த வரிசை வீடுகள். நிலக்கரி மங்க மங்கத்தான் கிளப் தன்னைச் சுரங்கக்காரனாக உரக்கச் சொல்லிக்கொண்டது. லான்ஸைப் பற்றி எழுதும் எவரும் இந்த முடிச்சை விட்டுவிடக் கூடாது. விட்டால் “சுரங்கத் தொழிலாளிகளின் கிளப்” என்ற சுற்றுலாத் துறை வாசகம்தான் மிஞ்சும்.

தொடக்கக் கதையில் கை வைக்கும்போது

லான்ஸைத் தொடங்கியவர்கள் சுரங்கத் தொழிலாளிகள் அல்ல, ஊரின் மாணவர்கள். பிரான்ஸில் அன்றைய கிளப்புகள் பலவும் இப்படித்தான்: படித்த பையன்கள் பந்தைக் கொண்டுவந்தார்கள், தொழிற்சாலை பிறகு தத்தெடுத்தது. “தொழிலாளர் கிளப்” என்று பெயரெடுத்த எதைப் பற்றி எழுதினாலும் தொடங்கியவர்களின் வேலை என்ன என்று தனியாகப் பாருங்கள்.

பார்க்க ஒரு வழி உண்டு. பிரான்ஸில் சங்கங்கள் 1901ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் மாவட்ட நிர்வாகத்தில் பதிவாகும். அறிவிப்பு அரசிதழில் வரும். தேசிய நூலகத்தின் ‘காலிகா’ இணையக் கிடங்கில் பழைய அரசிதழ்கள் இலவசம். ஆனால் ஒரு சிக்கல்: பையன்கள் பந்தை உதைத்த நாளும் பதிவான நாளும் ஒன்றாக இருக்காது; மாதங்கள், சில சமயம் வருடங்கள் தள்ளிப்போகும். இரண்டையும் தனித்தனியாக எழுதுங்கள். ஒன்றை மற்றதன் “திருத்தம்” என்று எழுதாதீர்கள். லான்ஸ் மாதிரிப் போரில் அழிந்த ஊர்களில் உள்ளூர்க் காகிதங்கள் பெரும்பாலும் போரோடு போயின. 1914க்கு முந்தைய விவரம் அளவுக்கு மீறித் துல்லியமாக எங்காவது கிடைத்தால் சந்தேகப்படுங்கள்.

நிறத்தின் கதையை உரசிப் பார்ப்பது

லான்ஸின் நிறம் ‘சாங் ஏ ஓர்’, ரத்தமும் பொன்னும்; நாம் சிவப்பும் மஞ்சளும் என்போம். ஆரம்ப நிறம் பச்சையும் கறுப்பும். பச்சை, பையன்கள் ஆடிய பச்சைச் சதுக்கத்துக்கு, கறுப்பு, கரிக்கு. 1924இல் மாறியது. கிளப் சொல்லும் கதை இது: தலைவர் பியர் மோக்லியா இடிந்து கிடந்த செயின்ட் லெழே தேவாலயத்தின் பக்கமாக நடந்துபோகிறார், இந்த இடிபாடுதான் ஊரில் ஸ்பானிய ஆட்சியின் கடைசி மிச்சம் என்று கூட வந்தவர் சொல்கிறார், ஸ்பானியக் கொடியின் நிறங்கள் மோக்லியாவுக்குப் பிடித்துப்போகின்றன.

நல்ல கதை. இப்போது மூன்று கேள்வி. அங்கே ஸ்பெயின் ஆண்டதா? ஆண்டது, 1648இல் லான்ஸ் போரில் பிரெஞ்சுப் படை ஸ்பானியரை அங்கேதான் தோற்கடித்தது. 1924இல் தேவாலயம் இடிந்து கிடந்ததா? கிடந்தது, முதல் உலகப் போரில் இடிந்து. ஸ்பெயின் அங்கே ஆண்ட காலத்தில் அதன் கொடி சிவப்பு-மஞ்சளா? இல்லை. அந்தக் கொடி 1785இல் கப்பற்படைக்காக வந்தது. 1648இல் லான்ஸில் நின்ற ஸ்பானியப் படைக்கு அடையாளம் பர்கண்டிச் சிலுவை. ஆக, 1924இல் ஒருவர் தன் காலத்துக் கொடியைக் கொண்டு பழைய ஆட்சியைக் கற்பனை செய்திருக்கிறார். கதையைத் தூக்கி எறிய வேண்டாம். “கிளப் சொல்வது” என்ற முன்னொட்டோடு வையுங்கள். கிளப் எதை நம்ப விரும்புகிறது என்பதும் வரலாறுதான். சிவப்பு தொழிலாளியின் ரத்தம் என்று பின்னாளில் ஒட்டிய விளக்கத்தைத் தனி வரியில் போடுங்கள். இரண்டையும் குழப்பினால் யார் எப்போது சொன்னது என்பதே தெரியாமல் போகும்.

பழைய பத்திரிகையில் தேட

ஞாயிறு ஆட்டத்துக்குத் திங்கள் இதழ். அதுதான் முதல் விதி. 1944 வரை லோட்டோ விளையாட்டுப் பத்திரிகை காலிகாவில் கிடைக்கும். 1946 முதல் அதன் இடத்தில் லெக்கிப். வட்டாரச் செய்திக்குப் போருக்கு முன் கிராந்த் எக்கோ து நோர், பின் லா வ்வா து நோர்.

தேடுபெட்டியில் ‘லான்ஸ்’ என்று மட்டும் போட்டால் போர்ச் செய்தி, கரி விலை, ரயில் நேரம் எல்லாம் கொட்டும். கிளப்பின் முழுப் பெயர், புள்ளி வைத்த முதலெழுத்துகள், பழைய பெயரான ‘ரேசிங் கிளப் லான்சுவா’ என்று மூன்றையும் தனித்தனியே தேடுங்கள். மங்கிய அச்சை இயந்திரம் தப்பாகப் படிக்கும். அதனால் எதிரணியின் பெயரையும் ஆட்ட நாளையும் வைத்து இன்னொரு முறை. அப்போதும் கிடைக்காவிட்டால் அந்தத் திங்கள் இதழைப் பக்கம் பக்கமாகப் புரட்டுவது ஒன்றே வழி. பழைய இதழ்கள் சில பக்கந்தான், சலிப்பு தெரியாது.

சுரங்கத்தின் காகிதங்களுக்கு இரண்டு இடம்: லெவார்டில் உள்ள சுரங்க வரலாற்று மையம், ரூபேயில் உள்ள தொழிலுலக ஆவணக் காப்பகம். பந்தைப் பற்றி அங்கே நேராகக் கிடைப்பது குறைவு. கம்பெனி ஊருக்கு என்னென்ன கட்டிக்கொடுத்தது என்பது கிடைக்கும். நமக்கு வேண்டியதும் அதுதான்.

ஆள் பெயரில் வழுக்குவது

1942 டிசம்பர் 13, பிரெஞ்சுக் கோப்பை. லான்ஸ் 32, ஓபி-அஸ்துரி 0. அதில் 16 கோல் ஒரே ஆளுடையது. ஒரு இடத்தில் அவர் ‘ஸ்தானிஸ்’. இன்னொரு இடத்தில் ‘ஸ்தெஃபான் தெம்பிக்கி’. இரண்டு ஆட்டக்காரர் என்று நினைத்துக் கணக்குப் போட்டால் 32 கோலும் இருவருக்கே போய்விடும். இருவரும் ஒருவரே: ஜெர்மனியில் பிறந்த போலந்துக்காரர். ஜெர்மனியின் ரூர் சுரங்கங்களில் வேலை செய்துவிட்டு வடக்கு பிரான்ஸுக்கு நகர்ந்த போலந்துக் குடும்பங்கள் ஏராளம். பிறந்த நாட்டை மட்டும் பார்த்து ‘ஜெர்மானியர்’ என்று எழுதினால் கதையே மாறிவிடும். ஆளுக்கு ஓர் அட்டை போட்டு, பட்டப்பெயர், சுருக்கிய பெயர், முழுப்பெயர் மூன்றையும் அதில் குறித்துக்கொள்ளுங்கள்.

ரேமோன் கோப்பா விஷயம் வேறு மாதிரி. நோ-லே-மீன் என்ற பக்கத்துச் சுரங்க ஊரில் பிறந்த போலந்து வம்சாவளி, 1958இல் ஐரோப்பாவின் சிறந்த ஆட்டக்காரருக்கான பாலோன் தோர் விருது வாங்கியவர். எல்லாம் பொருந்துவதால் அவரை லான்ஸ் ஆட்டக்காரர் என்று எழுதிவிடுகிறார்கள். அவர் லான்ஸுக்கு ஆடவே இல்லை. அஞ்சே, ரீம்ஸ், ரியல் மாட்ரிட் என்று போனார். லான்ஸுக்கு ஆடிய போலந்து வம்சாவளிக்காரர் வேண்டுமானால் மரியான் விஸ்னியெஃப்ஸ்கி. 1958 உலகக் கோப்பையில் பிரான்ஸுக்கு ஆடினார். போலந்தோடு நிறுத்தவும் வேண்டாம். 1963–64இல் 30 கோலோடு லீக்கில் முதலிடம் வந்த அஹ்மத் உஜானி அல்ஜீரியர்.

எண்களில் வரும் தப்புகள்

2002 வரை பெயர் ‘டிவிசியோன் 1’. அதற்குப் பிறகுதான் லீக் 1. “1956இல் லீக் 1இல் இரண்டாமிடம்” என்று எழுதினால் தெரிந்தவர் சிரிப்பார். 2023 வரை லான்ஸ் இரண்டாமிடம் வந்த ஆண்டுகள் 1956, 1957, 1977, 2002, 2023. 2023இல் லான்ஸுக்கு 84 புள்ளி, பட்டம் வென்ற பாரிஸுக்கு 85.

1943–44 ஒரு பொறி. போர்க்காலத்து விஷி அரசு தொழில்முறைக் கிளப்புகளை ஒதுக்கிவிட்டு வட்டார அணிகளை ஆடவைத்தது. அதில் வென்றது லான்ஸ்-அர்த்துவா. அது அதிகாரபூர்வப் பட்டமாக எண்ணப்படுவதில்லை. கிளப்பின் பட்டக் கணக்கில் சேர்க்காமல் தனிக் குறிப்பாக எழுதுங்கள்.

1998இல் லான்ஸும் மெஸ்ஸும் ஆளுக்கு 68 புள்ளி. பட்டத்தைத் தந்தது கோல் வித்தியாசம். மே 9 அன்று ஓசேரில் 1–1, லான்ஸின் கோல் யோவான் லஷோர், பயிற்சியாளர் தானியேல் லெக்லெர்க். ‘ஓசேரில் வென்று பட்டம்’ என்று எழுதியதை எங்காவது பார்த்தால் அந்தக் கட்டுரையின் மற்ற எண்களையும் நம்பாதீர்கள்.

உச்சரிப்பும் இங்கேயே முடிந்துவிடட்டும். லென்ஸ் அல்ல, லான்ஸ். மெட்ஸ் அல்ல, மெஸ். ஆக்சேர் அல்ல, ஓசேர். ஆங்கில எழுத்தைப் பார்த்துத் தமிழில் எழுதாமல், பிரெஞ்சு வர்ணனை ஒன்றைப் பத்து நிமிடம் கேட்டுவிட்டு எழுதுங்கள்.

எதிரியை எழுதும்போது

லான்ஸுக்கு எதிரி 40 கி.மீ.க்குள் இருக்கும் லில். “முதலாளி நகரம், தொழிலாளி ஊர்” என்று இரண்டே சொல்லில் முடிப்பது வழக்கம், அது அரைகுறை. இன்றைய லில் கிளப் 1944இல் இரண்டு கிளப்புகள் சேர்ந்து உண்டானது. அதில் ஒன்றின் ஊரான ஃபீவ் சுத்தமான ஆலைத் தொழிலாளர் பகுதி. வித்தியாசம் வர்க்கத்தில் மட்டும் இல்லை. பெருநகரமா, சிதறிய சுரங்கக் குடியிருப்பா என்பதிலும் இருக்கிறது. 38,000 இருக்கை நிரம்புவதற்கும் விடை அதில்தான்: வருகிறவர்கள் சுற்றுவட்டாரச் சுரங்க ஊர்கள் அத்தனையிலிருந்தும் வருகிறார்கள். பழைய உரசலைக் காட்ட 1948 பிரெஞ்சுக் கோப்பை இறுதி ஆட்டம் போதும்: லில் 3, லான்ஸ் 2.

ஊரில் ஒரு நாள் கிடைத்தால்

ரயில் நிலையத்தில் தொடங்குங்கள். கட்டடமே நீராவி எஞ்சின் வடிவம், உள்ளே சுவரில் சுரங்க வாழ்க்கை மொசைக் ஓவியங்களாக. அங்கிருந்து சுரங்கக் கம்பெனியின் பழைய தலைமை அலுவலகம், இப்போது பல்கலைக்கழகம். அடுத்து மைதானம், அதைத் தாண்டி 9ஆம் எண் குழி இருந்த இடத்தில் 2012இல் திறந்த லூவ்ர்-லான்ஸ் அருங்காட்சியகம். எல்லாம் நடக்கும் தூரம். தொலைவில் தெரியும் இரட்டைக் கரிக்கழிவு மலைகள் லோஸ்-ஆன்-கோயெல் ஊருடையவை.

மைதானத்தில் ரசிகர்களின் கோட்டை எங்கே என்று பாருங்கள். பல ஊர்களில் கோல் கம்பத்துக்குப் பின்னால் இருக்கும். இங்கே ஆடுகளத்தின் நீளவாட்டில், மாரெக் அரங்கில். அந்த மாரெக் ஓர் ஆஸ்திரியர், இங்கே ஆடியவர், பிறகு பயிற்சியாளர்.

கடைசியாகப் பெயர்ப்பலகை. பொருளாதார மந்தக் காலத்தில் வேலையிழந்த சுரங்கத் தொழிலாளிகள் கட்டிய மைதானம், 1933இல் திறந்தது. வைத்த பெயரோ கம்பெனியின் வணிக இயக்குநர் ஃபெலிக்ஸ் பொலாருடையது. 2012இல் தெலெலிஸ் இறந்தபின் அவர் பெயரையும் ஒரு சிறு கோடு போட்டுச் சேர்த்தார்கள்: பொலார்-தெலெலிஸ். உங்கள் தாளின் நான்காவது பத்தியில் முதலில் வந்த கம்பெனியும், அது கைவிட்டபின் வந்த நகராட்சியும் அந்தக் கோட்டின் இரண்டு பக்கமும் நிற்கின்றன. கட்டியவர்கள் பெயர் பலகையில் இல்லை; அவர்களைப் பாட்டில் தேட வேண்டும்.