கொழுந்துக் கூடையைச் சுமக்கும் முன்: புதிதாக இலங்கைத் தேயிலை மலைக்குப் போகிறவர்களுக்கு

அம்மாவின் தலையில் கூடைக்கயிறு பதிந்த கோடு ஒன்று உண்டு. அந்த இடத்தில் முடி முளைப்பதே இல்லை. கழுத்துவலியும் முழங்கால்வலியும் மலைவேலையில் சகஜம் என்று விட்டுவிட்டார். ஒருநாள் மலையில் தண்ணீர் வடியும் கானைத் தாண்டும்போது அந்த முழங்கால்தான் மடங்கியது. வலியும் விபத்தும் வேறு வேறு இல்லை. அசந்துபோன தசை, கால் வழுக்கும் நேரத்தில் பிடித்து நிறுத்தாது.

1. பிரட்டுக்கு (காலையில் பெயர் கொடுத்து வேலை பிரிக்கும் இடத்துக்கு) கிளம்பும் முன், லயத்து (தொழிலாளர் வரிசை வீட்டு) வாசலிலேயே ஐந்து நிமிடம் தோளையும் கணுக்காலையும் சுழற்றுங்கள். குளிரில் விறைத்த உடம்போடு ஏறக் கூடாது.

2. அப்புறம் கயிறு. இதில் அவசரப்படாதீர்கள். கயிறு நெற்றிக்கு இறங்காமல், உச்சிக்குச் சற்று முன்னால் இருக்கட்டும். அடியில் நான்காக மடித்த துணி வையுங்கள். கூடை இடுப்புக்குக் கீழே தொங்கினால் பாரம் பின்னால் இழுக்கும், கழுத்து முன்னால் நீளும். சாயங்காலம் பிடரியில் எரிச்சல் வருவது இதனால்தான். கூடை முதுகோடு ஒட்டும்வரை கயிற்றைச் சுருக்குங்கள். கட்டியபின் தலையை இரண்டு பக்கமும் திருப்பிப் பாருங்கள். திரும்பவில்லை என்றால் அவிழ்த்துக் கட்டுங்கள்.

3. தூரத்துக் கொழுந்தை எட்டிக் கிள்ளாமல் ஓரடி எடுத்து வையுங்கள். பெருவிரல் அடியில் வலி தொடங்கினால் மணிக்கட்டை முறுக்காமல் கிள்ளப் பழகுங்கள். விரல்கள் அடிக்கடி மரத்துப்போனால் டாக்டரிடம் காட்டுங்கள், தைலத்தோடு விடாதீர்கள்.

4. மழைநாளில் இலை ஈரத்தோடு கனக்கும். கண்ணுக்கு முக்கால் கூடை, கழுத்துக்கு நிறைகூடை. நிறையும்வரை காத்திருக்காமல் சாக்கில் கொட்டிவிடுங்கள். சரிவில் நேராக இறங்காமல் பக்கவாட்டாக, சின்னச் சின்ன அடியாக இறங்குங்கள். கூடையோடு கானைக் குதித்துத் தாண்டவே வேண்டாம்.

5. யாராவது விழுந்து கழுத்தோ முதுகோ வலிக்கிறது என்றால் தூக்கி நிறுத்தாதீர்கள். அசைக்காமல் வைத்து 1990க்கு அழையுங்கள். சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம். அன்றைக்கே தோட்டத்து ஆபீசில் சொல்லி எழுதவையுங்கள். வேலையில் பட்ட காயத்துக்கு நட்டஈடு கேட்க 1934ஆம் ஆண்டிலிருந்தே சட்டம் இருக்கிறது. அம்மா விழுந்தபோது நாங்கள் இரண்டு வாரம் கழித்துத்தான் ஆபீசுக்குப் போனோம். "வேலையில் விழுந்ததற்குப் பதிவு எங்கே?" என்று கேட்டார்கள். பதில் சொல்ல முடியவில்லை. தேதி, நேரம், மலை நம்பர் (வேலை செய்த தேயிலைப் பகுதியின் எண்), பக்கத்து நிரையில் நின்றவர் பெயர், இந்த நான்கையும் ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். தங்கச்சி இப்போது அப்படித்தான் வைத்திருக்கிறாள்.