கொடுவா பிடிக்கப் பழகுவது எப்படி?

கொடுவாவுக்குத் தூண்டில் போட ஆசைப்படும் பலரும் முதலில் ராடு வாங்கத்தான் கிளம்புகிறார்கள். அதைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். தண்ணீரைப் பார்க்கத் தெரிந்துவிட்டால் சாதாரண ராடிலேயே இந்த மீன் ஏறும்.

படி 1: இடமும் நேரமும்

கொடுவா வெகுதூரம் துரத்தி வேட்டையாடாது. பதுங்கி நின்று பாயும். பாலத் தூண், கருங்கல் குவியல், அலையாத்தி வேர், உப்பங்கழியில் ஓடை வந்து சேரும் வாய் என, நீரோட்டம் முட்டித் திரும்பும் இடங்களில்தான் ஒதுங்கி நிற்கும். வற்றம், அதாவது கடல்நீர் இறங்குவது, தொடங்கியதும், உள்ளே மேய்ந்துகொண்டிருந்த இறாலும் மடவைக் குஞ்சும் தண்ணீரோடு வெளியே இழுபட்டு வரும். அந்த வழியைப் பார்த்தபடி கொடுவா காத்திருக்கும். தண்ணீர் அசையாமல் நிற்கும்போது எவ்வளவு வீசினாலும் பெரும்பாலும் கை வலிதான் மிச்சம்.

அதனால் கடல்நீர் ஏறி இறங்கும் நேரங்களைக் காட்டும் ஓத அட்டவணையைப் பார்த்து, வற்றம் தொடங்கும் நேரத்துக்குப் போய் நில்லுங்கள். அது விடியலிலோ அந்தியிலோ அமைந்தால் இன்னும் நல்லது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் ஓட்டம் வேகமாக இருக்கும்.

சென்னைக்காரர்களுக்கு முட்டுக்காடு பக்கம். ஆனால் கோடையில் முகத்துவாரத்தை மணல் அடைத்துக்கொண்டால் ஓதம் உள்ளே வராது. வடகிழக்குப் பருவமழையில் வாய் திறந்த பிறகு போய்ப் பாருங்கள், ஓட்டத்தின் வித்தியாசம் கண்ணுக்கே தெரியும். பிச்சாவரம் வனத்துறையின் கட்டுப்பாட்டில் இருக்கிறது, அனுமதி கேட்காமல் அங்கே தூண்டில் போட வேண்டாம்.

படி 2: சாமான்கள்

7 அடி ராடு, 4000 அளவு ரீல், 20 முதல் 30 பவுண்டு தாங்கும் பிரெய்டு (பின்னிய தூண்டில் நூல்) போதும். இதில் முனையில் கட்டும் தடித்த நரம்பான லீடரை மட்டும் தவிர்க்கவே கூடாது. கொடுவாவுக்குக் கோரைப்பல் கிடையாது, ஆனால் வாய் உப்புத்தாள் மாதிரி சொரசொரப்பு. செவுள் மூடியின் விளிம்போ கத்திதான். பிரெய்டின் முனையில் 40 அல்லது 50 பவுண்டு நரம்பை மூன்றடி நீளத்துக்குக் கட்டிக்கொள்ளுங்கள்.

படி 3: வீசுவது

உயிர் இறால் கிடைத்தால் அதற்கு ஈடு இல்லை. கிடைக்காவிட்டால் ஈயத் தலை வைத்த ஜிக் முள்ளில் கோத்த 4 அங்குல ரப்பர் மீன் போதும். ஓட்டம் வரும் திசையில், பதுங்கிடத்துக்கு மேலாக வீசுங்கள். இரை தண்ணீரோடு இறங்கி மீனின் முகத்துக்கு நேராக வர வேண்டும், ஏனென்றால் நிஜ இரை அப்படித்தான் வருகிறது. ரீலை இரண்டு சுற்று சுற்றி நிறுத்துங்கள். மறுபடி இரண்டு சுற்று. நிறுத்தும் அந்த நொடியில்தான் பல கடிகள் விழும். ஆரம்பத்தில் எல்லோருமே வேகமாகத்தான் சுற்றுகிறார்கள், பொறுமையாகச் சுற்றப் பழகுங்கள்.

படி 4: கடித்த பிறகு

'டொக்' என்று கை அதிரும், அப்புறம் மீன் மேலே எகிறித் தலையை உதறும். முள் கழன்று போவது பெரும்பாலும் அப்போதுதான். எகிறப் போகிறது என்று தெரிந்ததும் ராடின் நுனியைப் பக்கவாட்டில் தண்ணீருக்கு அருகே தாழ்த்துங்கள், நரம்பு மட்டும் தளரக் கூடாது. தூண் பக்கம் ஓடினால் விடாமல் அழுத்தம் கொடுத்துத் திருப்புங்கள். களைத்து வந்ததும் வலையில் ஏந்துங்கள். செவுளுக்குள் விரலை விடவே வேண்டாம்.

படி 5: எதை வைத்துக்கொள்வது

கொடுவா பெரும்பாலும் முதலில் ஆணாக முதிர்ந்து, பெரிதான பிறகே பெண்ணாக மாறும். ஆகவே கையில் சிக்கும் பெரிய மீன் அநேகமாக முட்டையிடும் தாய். இதே மீனைப் பாராமுண்டி என்று கொண்டாடும் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில், பொதுவாக 58 செ.மீ.க்குக் குறைந்ததையும் 120 செ.மீ.க்கு மேற்பட்டதையும் விட்டுவிட வேண்டும் என்பது விதி. வீட்டுக் குழம்புக்கு இரண்டு, மூன்று கிலோ மீனே தாராளம். குஞ்சையும் தாயையும் விட்டுவிடுங்கள் என்று கெஞ்சிக் கேட்கிறேன்.

விடப்போகும் மீனை வலையோடு தண்ணீரிலேயே வைத்து முள்ளைக் கழற்றுங்கள். படம் எடுப்பதென்றால் கேமராவைத் தயாராக வைத்த பிறகே தூக்குங்கள், ஒரு கை வயிற்றுக்கு அடியில் தாங்கலாக இருக்கட்டும். பிறகு தலையை ஓட்டத்துக்கு எதிராகப் பிடித்து, தானாக வாலை அடித்துக் கையை உதறும்போது விடுங்கள்.