ஆர்எக்ஸ் 100 இன்ஜினைப் பிரித்துக் கட்டும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

மதுரைப் பக்கம் யமஹாவின் டூ-ஸ்ட்ரோக் பைக்கான ஆர்எக்ஸ் 100 வைத்திருப்பவர்கள் இன்ஜின் வேலை என்றதும் முதலில் கேட்பது, எந்த பிஸ்டன் கிட் போடலாம் என்பதைத்தான். கிட்டை வாங்கி மெக்கானிக் கையில் கொடுத்த பிறகே பல இடங்களில் இன்ஜின் பிரிக்கப்படுகிறது. 1996-இல் தயாரிப்பு நின்றுபோன வண்டி இது. இன்று ஓடுபவற்றில் பெரும்பாலானவை பல கைகள் மாறி, ஒன்றுக்கு மேற்பட்ட முறை போர் செய்யப்பட்டவை, அதாவது தேய்ந்த சிலிண்டரின் உட்சுவர் குடைந்து பெரிதாக்கப்பட்டவை. உள்ளே இருப்பது ஸ்டாண்டர்ட் அளவா, இரண்டாம் ஓவர்சைஸா (அடுத்தடுத்த பெரிய அளவு), ஸ்லீவ் (உட்குழாய்) மாற்றிய பிளாக்கா (சிலிண்டர்) என்பது பிரித்து அளக்கும்வரை எவருக்கும் தெரியாது. ஆகையால் அளப்பதற்கு முன் வாங்குவதுதான் முதல் தவறு. பின்னால் வரும் தவறுகள் பலவற்றுக்கு வழி திறந்துவிடுவதும் அதுவே.

பழைய பிஸ்டனைப் பார்க்காமலே பழைய இரும்புக் கூடையில் போட்டுவிடுவது அடுத்த தவறு. இன்ஜின் ஏன் கெட்டது என்பதற்கான சாட்சி அந்த பிஸ்டன்தான். அதன் எக்ஸாஸ்ட் பக்கத்தில் மட்டும் மேலிருந்து கீழாகக் கோடு கிழித்து அலுமினியம் இழுபட்டிருந்தால், கலவை மெலிந்து (காற்றோடு கலக்கும் பெட்ரோல் குறைந்து) சூடு ஏறியிருக்கிறது, அல்லது ஆயில் போதவில்லை. சுற்றிலும் நான்கு இடங்களில் கோடு விழுந்திருந்தால், போர் இறுக்கமாக விடப்பட்டிருக்கிறது, இல்லையேல் இன்ஜின் சூடேறும் முன்னரே முழு ரேஸ் கொடுக்கப்பட்டிருக்கிறது. பிஸ்டன் தலையின் நடுவில் ஓட்டை விழுந்திருந்தால் இக்னிஷன் டைமிங்கையும் பிளக்கின் வெப்ப எண்ணையும் சந்தேகிக்க வேண்டும். இன்டேக் பக்கத்துப் பாவாடை மட்டும் உப்புத்தாளால் தேய்த்ததுபோல் பளபளப்பை இழந்து சாம்பல் நிறத்தில் மங்கியிருந்தால், உள்ளே தூசி போயிருக்கிறது என்று பொருள். மேலூர்ப் பக்கத்துக் கிரானைட் குவாரிச் சாலைகளில் ஓடும் வண்டியில், ஃபில்டர் பெட்டியைக் கழற்றி எறிந்துவிட்டு வாயைத் திறந்து விட்டிருந்தால், எவ்வளவு விலை உயர்ந்த பிஸ்டன் போட்டாலும் அதே மங்கல் விரைவிலேயே திரும்பி வரும். காரணத்தைத் தீர்க்காமல் பாகத்தை மட்டும் மாற்றுவது காசைக் கரியாக்கும் வேலை.

“போர் வேலை மட்டும் போதும், கிராங்கைத் தொட வேண்டாம்” என்ற முடிவைப் பெரும்பாலும் பணம்தான் எடுக்கிறது. டூ-ஸ்ட்ரோக் இன்ஜினில் கலவை முதலில் கிராங்க் கேஸுக்குள் (பிஸ்டனின் அசைவைச் சுழற்சியாக்கும் கிராங்க் தண்டு இருக்கும் பெட்டி) இழுக்கப்பட்டு, அங்கே அழுத்தப்பட்டு, அதன் பிறகே மேலே போகிறது. எனவே கிராங்கின் இரு பக்கத்து ஆயில் சீல்களும் வெறும் கசிவுத் தடுப்பு அல்ல. இன்ஜின் மூச்சு விடுவதே அவற்றை நம்பித்தான். மேக்னெட் பக்கத்து சீல் போனால் வெளிக்காற்று உள்ளே புகுந்து கலவை மெலியும். ஐடிலிங் நிலையில்லாமல் ஏறி இறங்கும். சித்திரை வெயிலில் திருச்சி நான்குவழிச் சாலையில் ஒரே சீராக விரட்டினால் புது பிஸ்டனும் சீஸ் ஆகும், அதாவது சிலிண்டருக்குள் இறுகி நின்றுவிடும். கிளட்ச் பக்கத்து சீல் போனால் கியர் ஆயில் உள்ளே இழுபட்டு வெள்ளைப் புகை நிற்காது; கியர் பெட்டியில் ஆயில் அளவும் குறைந்துகொண்டே வரும். பிஸ்டனைக் கிராங்குடன் இணைக்கும் கனெக்டிங் ராடைப் பிடித்து நேர் மேலும் கீழுமாக அசைக்கையில் கைக்குத் துளி ஆட்டம் தெரிந்தாலும் கிராங்க் வேலை உறுதி. பக்கவாட்டில் சிறிது ஆடுவது இயல்பே. இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு நல்ல கிராங்கைப் பிரித்தவர்களும் உண்டு. கிராங்க் பின்னை மாற்றி அழுத்திய கிராங்கை டயல் கேஜ் வைத்துச் சுழற்றிப் பார்த்து, ரன்-அவுட் (சுழலும்போது நேர்க்கோட்டிலிருந்து விலகும் அளவு) 0.03 மில்லிமீட்டருக்குள் இருக்கிறதா என்று கேட்டு வாங்க வேண்டும். பேரிங் வாங்கும்போது அதன் மேல் சி3 என்ற குறி இருக்கிறதா என்று பார்ப்பது அவசியம். சூட்டில் விரிவதற்கு உள்ளிடைவெளி கூடுதலாக உள்ள வகை அது. கட்டி முடித்ததும் கார்புரேட்டர் வாயையும் எக்ஸாஸ்ட் வாயையும் அடைத்து, சுமார் 6 பிஎஸ்ஐ காற்று ஏற்றி, இணைப்புகளில் சோப்பு நீர் தடவிப் பார்க்கும் பழக்கம் நம் பட்டறைகளில் அரிது. சைக்கிள் பம்பும் ஒரு மீட்டரும் இருந்தால் போதும். மெக்கானிக் முகம் சுளித்தாலும் கேட்டுச் செய்துகொள்ளுங்கள்.

போர் செய்யும் லேத் பட்டறைக்கு பிளாக்கை மட்டும் அனுப்பி, “ஐம்பது பாயிண்ட் (0.50 மில்லிமீட்டர் ஓவர்சைஸ்) அடித்து வையுங்கள்” என்று சொல்வது மற்றொரு தவறு. ஒரே ஓவர்சைஸ் எண் பொறித்த இரண்டு பிஸ்டன்கள்கூட மைக்ரோமீட்டரில் வேறுபடும். கையில் இருக்கும் பிஸ்டனை அளந்து, அதற்கு ஏற்பவே போரை முடிக்க வேண்டும். ஃபோர்ஜ்டு பிஸ்டன் சூட்டில் அதிகம் விரியும் என்பதால், வார்ப்பு பிஸ்டனுக்கு விடும் இடைவெளியை அதற்கும் விட்டால் அது பிடித்துக்கொள்ளும். போர் முடிந்ததும் போர்ட்களின் (சிலிண்டர் சுவரில் கலவையும் புகையும் போகும் துளைகள்) விளிம்பு கத்திபோல் கூர்மையாக நிற்கும்; அதை மழுக்காமல் மாட்டினால் ரிங் சிக்கி உடையும். ஓவர்சைஸ் போட்டால் பிக்கப் கூடும் என்ற நம்பிக்கையிலும் பொருளில்லை. 50 மில்லிமீட்டர் போரை 51 ஆக்கினால் 98 சிசி என்பது 102 சிசி ஆகும்; அவ்வளவுதான்.

பிக்கப் வேண்டும் என்பவர்கள் உடனே தாவுவது 58 மில்லிமீட்டர் போர் கொண்ட ஆர்எக்ஸ் 135 பிளாக்குக்கு. 132 சிசி கிடைக்கும் என்பது உண்மை. ஆனால் அதற்காகக் கிராங்க் கேஸின் வாயைக் குடைந்து அகலப்படுத்த வேண்டும். குடைந்தது குடைந்ததுதான், பழைய பிளாக் மறுபடி உட்காராது. பதிவுச் சான்றில் உள்ள விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றுவதை 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு தடுக்கிறது. பதினைந்து ஆண்டு கடந்து பதிவைப் புதுப்பிக்க ஆர்டிஓ அலுவலகம் போகும் வண்டிக்கு இது சிறிய விஷயம் அன்று. எக்ஸாஸ்ட் போர்ட்டை உயர்த்திச் செதுக்குவதும் இப்படித்தான்: மேல் ரேஸில் சீறும், கோரிப்பாளையம் நெரிசலில் இரண்டாம் கியரில் திணறும். நாள்தோறும் வேலைக்குப் போகும் வண்டிக்கு ஸ்டாண்டர்ட் போர்ட்டே மேல் என்பது என் முடிவு.

ஆயில் பம்பைக் கழற்றிவிட்டு பெட்ரோலில் கலந்து ஊற்றச் சொல்லும் மெக்கானிக்குகள் இன்னும் இருக்கிறார்கள். லிட்டருக்கு 25 மில்லி என்றால் நாற்பதுக்கு ஒன்று, கணக்கு சரியே. ஆனால் சிறுமலையிலிருந்தோ கொடைக்கானலிலிருந்தோ ரேஸை மூடிக்கொண்டு கியரில் இறங்கும்போது பெட்ரோல் வருவது ஏறக்குறைய நின்றுவிட, அதனுடன் ஆயிலும் நின்றுவிடுகிறது. பம்ப் இருந்தால் கிராங்க் சுழலும்வரை ஆயில் கொஞ்சமாவது வந்துகொண்டிருக்கும். பம்பை எடுத்தே ஆக வேண்டும் என்றால், இறக்கத்தில் அவ்வப்போது கிளட்ச் பிடித்து ஒரு முறுக்கு முறுக்கும் வழக்கம் வேண்டும். பாதுகாப்புக்காக என்று ஆயிலை அளவுக்கு மீறிக் கூட்டினால், அந்த அளவுக்குப் பெட்ரோல் குறைந்து கலவை மெலியும் என்பதையும் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை.

கடைசியாக ஜெட், அதாவது கார்புரேட்டரில் பெட்ரோலை அளந்து விடும் சிறு துளைத் திருகு. இப்போது பங்க்கில் கிடைக்கும் பெட்ரோலில் 20 விழுக்காடு எத்தனால் கலந்திருக்கிறது. எத்தனாலுக்குத் தேவைப்படும் காற்று குறைவு என்பதால், பழைய மெயின் ஜெட்டிலேயே கலவை மெலிந்துவிடுகிறது. புது போர், வேறு சைலன்சர், இந்தப் பெட்ரோல் மூன்றும் சேர்ந்தால் ஜெட்டை ஓர் எண்ணாவது கூட்டிவிட்டு, பிளக் நிறம் பார்த்துத்தான் இறங்கி வர வேண்டும். சுமார் 2,100 மீட்டர் உயரத்தில் காற்று அடர்த்தி குறைவு என்பதால் கொடைக்கானலில் அதே வண்டியின் பிளக் கருக்கும். அங்கே ஜெட்டைக் குறைத்துக்கொண்டவர்கள், வத்தலக்குண்டு இறங்கியதும் பழைய ஜெட்டை மாட்டிய பிறகே மதுரைக்கு வண்டியை எடுக்க வேண்டும்.