இளம்பிள்ளை திடீரென்று போன வீட்டில் பக்கத்தில் நிற்பவர்களுக்கு

விபத்தோ, குளத்தில் மூழ்கியதோ, திடீர்ச் சாவென்றால் இலங்கையில் உடலை நேரே வீட்டுக்குக் கொண்டுவர முடியாது. பொலிஸ் பதிவு, திடீர் மரண விசாரணை அதிகாரியின் விசாரணை, அவர் சொன்னால் பிரேத பரிசோதனை, பிறகுதான் கையில் தருவார்கள். தாய் தகப்பனை அங்கே காத்திருக்க வைக்க வேண்டாம். மாமன், சித்தப்பா என்று நிதானமான இருவர் போகட்டும். பிள்ளையின் அடையாள அட்டையும் பிறப்புச் சான்றிதழும் கையில் இருக்க வேண்டும். பதற்றத்தில் வீட்டில் கூப்பிடும் பெயரைச் சொல்லிவிடுவார்கள். அதுவே மரணச் சான்றிதழிலும் ஏறிவிட்டால் திருத்துவதற்குப் பிரதேச செயலகத்துக்கு நடையாய் நடக்க வேண்டும். அம்பாறைப் பக்கம் வாக்குமூலம் சிங்களத்தில் எழுதப்படலாம். வாசித்து விளக்க ஆள் இல்லாமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

பெட்டி வீட்டுக்கு வருமுன் ஒருவர் முகத்தைப் பார்த்துவிட வேண்டும். காயம் மோசமென்றால் 'பார்க்க வேண்டாம்' என்று தாயை மறிப்பதுதான் வழக்கம். அது பிழை. பார்க்காத தாய்க்கு, போனது தன் பிள்ளைதானா என்ற கேள்வி வருசக்கணக்கில் தீராது. என்ன காயம், எங்கே என்று முதலில் மெதுவாகச் சொல்லுங்கள். அந்த இடத்தை வெள்ளைத் துணியால் மூடி, கையையாவது பிடிக்க விடுங்கள்.

செத்த வீட்டில் அடுப்பு எரியாது. சோறும் பருப்பும் அயல் வீட்டிலிருந்து வந்துவிடும், தவறுவது குளிசை. அம்மம்மாவின் பிறஷர், சீனிக் குளிசைகளை நேரம் பார்த்துக் கொடுக்க ஒரு பெண்பிள்ளையை வையுங்கள். தாய்க்குச் சோறு இறங்காது. இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருதரம் அரைக் கோப்பைக் கஞ்சி போதும்.

கூட்டாளிப் பொடியன்மாரைச் சும்மா நிற்க விடாதீர்கள். குருத்தோலை கட்ட, கொட்டகை போட, கதிரை இறக்க அவர்களை விடுங்கள். வேலையில்லாமல் நின்றால் குடித்துவிட்டு மோட்டார் சைக்கிளில் ஏறுவார்கள். சின்னத் தம்பி தங்கச்சிக்கு 'அண்ணா நித்திரை' என்று சொல்லவே கூடாது, பிறகு அந்தப் பிள்ளை படுக்கப் பயப்படும். 'செத்துப்போயிட்டார், இனி வரமாட்டார்' என்றே சொல்லுங்கள்.

எட்டாம் நாள் சடங்கு முடிந்ததும் பாதிப்பேர் போவார்கள், முப்பத்தோராம் நாளுக்குப் பிறகு வீடு வெறிச்சோடும். உண்மையில் ஆள் தேவைப்படுவது அப்போதுதான். நாலு வீட்டார் கிழமை பிரித்து, பின்னேரத் தேத்தண்ணிக்குப் போய் இருங்கள். பிள்ளையின் பெயரைச் சொல்லியே கதையுங்கள். தாய் நித்திரையின்றி 'நானும் போறன்' என்று சொன்னால் அதை ஒப்பாரிப் பேச்சென்று விடாதீர்கள். தனியே விடாமல் ஆஸ்பத்திரி மனநலப் பிரிவுக்குக் கூட்டிப்போங்கள். தேசிய மனநல உதவித் தொலைபேசி இலக்கமான 1926க்கும் எடுக்கலாம்.

உடுப்பைத் துவைக்க, செருப்பை எடுத்து வைக்க அவசரப்பட வேண்டாம், தாய் சொல்லட்டும். பிள்ளையின் போனை மட்டும் ஒருவர் பொறுப்பெடுத்து, சிம்முக்கு இடைக்கிடை ரீலோட் போட்டு வையுங்கள். ரீலோட் இல்லாமல் கிடந்தால் இலக்கம் போய்விடும், வட்ஸ்அப்பும் போகலாம். பிள்ளை அனுப்பிய குரல் பதிவுகளைத் தாய் எப்போது கேட்பாள் என்று சொல்ல முடியாது.