டேவியின் பொட்டாசியத்தை மஞ்சள் தாளைக் கொண்டு விளக்கும் முறை

ஆங்கிலேய வேதியியலர் ஹம்ப்ரி டேவி பொட்டாசியத்தைப் பிரித்தெடுத்த வரலாற்றைக் கற்பிக்கும் ஆசிரியர், அதற்குத் தண்ணீர் எவ்வாறு குறுக்கே நின்றது என்பதை முதலில் கண்முன் காட்டிவிடுவது நல்லது. அதற்கு வேண்டிய தூத்துக்குடிக் கல்லுப்பு, மஞ்சள்தூள், 9 வோல்ட் பேட்டரி, இருபுறமும் சீவிய இரண்டு பென்சில்கள், மின்கம்பி ஆகியவை திருநெல்வேலிச் சீமையின் எந்தக் கடைத்தெருவிலும் கிடைக்கும்.

மஞ்சள் கரைத்த நீரில் வடிதாளை நனைத்து நிழலில் உலர்த்த வேண்டும். பின்னர் அதை உப்புநீரில் தோய்த்துப் பீங்கான் தட்டில் விரித்து, பேட்டரியோடு இணைத்த பென்சில் கூர்களை ஓர் அங்குல இடைவெளியில், ஒன்றையொன்று தொடாமல், அதன்மேல் ஊன்ற வேண்டும். நேர்முனையில் சிறிது குளோரின் எழும் என்பதால் சன்னலைத் திறந்துவைத்து, ஒரு நிமிடத்துக்குள் முடித்துவிட வேண்டும். எதிர்முனையின் அடியில் தாள் செம்பழுப்பாகும். சோடியம் அயனியை முந்திக்கொண்டு நீரே எலக்ட்ரானைப் பெற்று ஹைட்ரஜனை வெளிவிட, எஞ்சும் ஹைட்ராக்சைடு என்ற காரம் மஞ்சளைச் சிவக்கச் செய்கிறது. உலோகம் துளியும் கிடைப்பதில்லை. (ஆரத்தி நீர் சுண்ணாம்பால் சிவப்பதும் இந்தக் காரத்தன்மையால்தான். தாமிரபரணிக் கரையில் காய்ந்து கிடக்கும் வாழைச்சருகை எரித்து, அந்தச் சாம்பலை ஊறவைத்துத் தெளிந்த நீரை விட்டாலும் தாள் சிவக்கும். பொட்டாசியம் அடங்கிய காரப்பொருளான பொட்டாஷ் பிறந்தது இத்தகைய தாவரச் சாம்பலில்தான்.)

ஹம்ப்ரி டேவியும் லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் முதலில் எரிபொட்டாஷின் (பொட்டாசியம் ஹைட்ராக்சைடு) நீர்க்கரைசலில்தான் மின்சாரம் செலுத்தினார். ஹைட்ரஜனும் ஆக்சிஜனுமே வந்தன. நீரை அறவே நீக்கினாலோ, திடப்பொருள் மின்சாரத்தைக் கடத்தவில்லை. இந்த இரண்டுக்கும் நடுவே அவர் கண்ட வழியை நிதானமாக விளக்க வேண்டும். எரிபொட்டாஷ் துண்டு ஒன்றைச் சில நொடிகள் காற்றில் வைத்தார். அது ஈரத்தை உறிஞ்சி மேற்பரப்பில் மட்டும் கசிந்தது, மின்சாரம் பாய அதுவே போதுமானதாக இருந்தது. எதிர்முனையோடு இணைந்த பிளாட்டினத் தட்டில் அதை வைத்து, நேர்முனையின் பிளாட்டினக் கம்பியால் மேலே தொட்டபோது, 250 தகடுகளின் ஆற்றல் கொண்ட மின்கல அடுக்கின் மின்சாரமே அதை உருக்கியது. அடியில் பாதரசம் போன்ற சிறு மணிகள் தோன்றின; அவையே பொட்டாசியம். சில தோன்றிய கணமே வெடித்து எரிந்தன. அது 1807 அக்டோபர் 6. அடுத்த சில நாட்களில் எரிசோடாவிலிருந்து (சோடியம் ஹைட்ராக்சைடு) சோடியமும் அவருக்குக் கிடைத்தது.

இந்தப் பகுதியை வகுப்பில் செய்துகாட்டவே கூடாது. உருகிய எரிபொட்டாஷ் தோலையும் கண்ணையும் அரித்துவிடும். ஆய்வகத்தில் மண்ணெண்ணெயில் மூழ்கியிருக்கும் சோடியத்தைப் புட்டியைத் திறக்காமல் காட்டி, டேவியும் தம் உலோகத்தை ஏன் நாப்தா என்ற எண்ணெயில் இட்டுவைத்தார் என்று கேட்கலாம். செம்பழுப்புப் புள்ளியைப் பார்த்திருக்கும் மாணவர் தண்ணீரைத்தான் முதலில் சுட்டுவார். காற்றும் அதற்கு ஆகாது என்பதை ஆசிரியர் சேர்த்துச் சொல்ல வேண்டியிருக்கும்.